மீன் கண் மட்டம்

அந்த ராஜாவின் பெயர் யாருக்கும் தெரியாது. பாண்டியன் என்பார்கள். எந்தப் பாண்டியன் என்று கேட்டால், நம்ம பாண்டியன்தான் என்பார்கள். அவனுடைய கோட்டை எங்கே இருந்தது, எத்தனை சண்டை போட்டான், எப்படிச் செத்தான் என்று கேட்டாலும் பதில் கிடையாது. ஆனால் திருச்சுழிக்குத் தெற்கே மேலேந்தல், கீழேந்தல் என்று அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு ஊர்களில், எந்த வருஷம் யார் வீட்டு அடுப்பில் சொந்த நெல்லு வேகும், யார் வீட்டில் ரேஷன் அரிசி வேகும் என்பதை இன்றைக்கும் அவன்தான் முடிவு செய்கிறான்.

அவன் செய்தது ரெண்டே காரியம். மழைத் தண்ணீர் ஓடிப்போகிற சரிவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ரெண்டு கண்மாய் வெட்டினான். மேலக் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாகக் கீழக் கண்மாய்க்குப் போகும். கலுங்கு என்றால் வேறொன்றும் இல்லை பிள்ளைகளா, கரை உடைந்துவிடாமல் தண்ணீரை வழிய விடுகிற கல் வாசல். அதில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண்ணை அணைத்தால் தண்ணீர் நிற்கும், எடுத்தால் போகும். எவ்வளவு தண்ணீர் நின்றபின் எடுப்பது? மண்வெட்டி மேலூர்க்காரன் கையில் இருக்கிறது. அவனாக எடுப்பானா?

ராஜா இதை யோசித்திருக்கிறான். நடுக் குத்துக்கல்லில் தன் முத்திரையான மீனைச் செங்குத்தாகச் செதுக்க வைத்தான். மீனின் கண் நனைகிற வரைக்கும் தண்ணீர் மேலேந்தலுக்கு. கண் நனைந்த பிறகு ஏறுகிற ஒவ்வொரு விரற்கடையும் கீழேந்தலுக்கு. மேலேந்தல் பெரியவர் ஒருவர் கலுங்கில் நின்று "கண்ணு நனைஞ்சிருச்சு" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். சொன்னதும் வேட்டுப் போடுவார்கள். சத்தம் கேட்டுக் கீழேந்தல்காரர்கள் மண்வெட்டியோடு வருவார்கள். சொல்லுகிற உரிமை மேலே, மண்ணை எடுக்கிற உரிமை கீழே. ஒருத்தர் இல்லாமல் மற்றவர் செய்ய முடியாது.

பாண்டியன் போனான். நாயக்கர் வந்தார்கள். அவர்களோடு வடக்கேயிருந்து வந்த சனம் கரிசலில் குடியேறிப் பருத்தி விதைத்தது. அருப்புக்கோட்டையில் இன்றைக்கும் மில்லுச் சங்கு ஊதுகிறதென்றால் அந்தச் சனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நவாப்பின் ஆட்கள் வந்தார்கள். மராமத்து, மாமூல், ஜமாபந்தி என்று வார்த்தைகளை மட்டும் நம் வாயில் போட்டுவிட்டுப் போனார்கள். கும்பினிக்காரன் சங்கிலி பிடித்து அளந்தான். ஜமீன் வந்தது, ஜமீன் ஒழிந்தது, சர்க்கார் வந்தது. அத்தனை பேரும் இந்தக் கலுங்கில் நின்று அந்த மீனைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை. பழைய வழக்கங்களை எழுதிவைத்த மாமூல் பதிவேட்டில், கலுங்கு மட்டம் என்ற இடத்தில் 'மீன் கண்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எத்தனை அடி என்று இல்லை. மீனுக்குக் கண் எங்கே இருக்கும் என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

வினை அந்த இடத்தில்தான் இருந்தது.

இப்போது அந்த மீனுக்குப் பித்தளையில் ஒரு கண் இருந்தது. உள்ளங்கை அகலம். கண் நோய் தீர்ந்தவர்கள் கோயிலில் சாத்துகிற கண்மலர் மாதிரி. கல் தேய்ந்து தேய்ந்து, மீனில் வாலெது தலையெது என்று பார்த்தால் தெரியாது. பித்தளை இருக்கிற மேல்நுனிதான் தலை என்று ரெண்டு ஊருக்கும் பழகிவிட்டது. ராசா வைத்த கண் என்று சொல்லிக்கொண்டார்கள். மேலேந்தல் பெண்கள் கலுங்கைத் தாண்டும்போது அதைத் தொட்டுத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

போன ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகை பிறந்ததும் வானம் வெளுத்துவிட்டது. மேலக் கண்மாயில் தண்ணீர் பித்தளைக் கண்ணுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. நின்றது நின்றதுதான். கீழக் கண்மாயில் மாடு குளிப்பாட்டுகிற அளவுக்குத் தண்ணீர். கீழேந்தல் வயல்களில் நெல் கதிர் தள்ளாமல் பொதி கட்டி நின்றது. இன்னும் ரெண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் வைக்கோல்.

முருகேஸ்வரிக்கு அதில் ஒரு ஏக்கர் இருந்தது. அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கீழேந்தலிலேயே பிறந்து, கீழேந்தலிலேயே வாக்கப்பட்டவள். அதற்கு முந்தின ரெண்டு வருஷமும் வைக்கோல்தான். மூன்றாவதும் வைக்கோல் என்றால் நிலத்தைக் கருவேலுக்கு விட்டுவிட்டு, குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வருகிறதாமே, அங்கே வாட்ச்மேனாகப் போய்விடுகிறேன் என்று புருஷன் இருளப்பசாமி சொல்லிவிட்டார். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. காக்கிச் சட்டைக்கு அளவு கூடக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அன்றைக்குக் காலையில் ரெண்டு பேரும் வயல் வரப்பில் நின்றார்கள். இருளப்பசாமி ஒரு நெல் தூரைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னும் எட்டு நாளு. அதுக்கு மேல தாங்காது."

"ஏங்க, ஒன்னு சொல்லணும். கத்தக்கூடாது" என்றாள் முருகேஸ்வரி.

"கத்துற மாதிரி எதையோ சொல்லப்போற. சொல்லு."

"மீனுக்கு இருக்கிற பித்தளைக் கண்ணு ராசா வச்சதில்ல. எங்கய்யா வச்சது."

இருளப்பசாமி கத்தவில்லை. மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துத் திரும்ப மடியில் வைத்தார்.

நடந்தது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு, மழை பொய்த்த வருஷம். முருகேஸ்வரிக்கு ஆறு வயது. ரெண்டு கண்ணும் பழுத்து, பீளை கட்டி, திறக்க முடியாமல் போனது. அய்யா சோனைமுத்து தோளில் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார். ஒரு நாள் திரும்பி வரும் வழியில் மேலேந்தல் கலுங்கில் பிள்ளையை இறக்கிவிட்டு, கல்லில் இருக்கிற மீனைப் பார்த்தார். கண் இமைக்காத பிறவியல்லவா மீன். "எம்பிள்ளைக்குக் கண்ணைக் குடு. உனக்கு நான் கண்ணு வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டார். பத்து நாளில் பிள்ளைக்குக் கண் திறந்தது. மருந்தா, மீனா என்று நான் சொல்லப்போவதில்லை.

சோனைமுத்து பாத்திரக்கடையில் பித்தளைக் கண் ஒன்று வெட்டி வாங்கினார். கண்மாய் வெடித்துக் கிடந்த அந்தக் கோடையில், உளியால் கல்லில் துளை போட்டு, ஆணி இறக்கி, ஈயம் காய்ச்சி ஊற்றி, அதை இறுக்கிவிட்டு வந்தார். அப்போது கண்மாய்க்குள் வண்டல் மேடிட்டு, கல்லில் பாதி மண்ணுக்குள் இருந்தது. வெளியே தெரிந்தது மீனின் மேல்நுனி மட்டும். மேலே இருப்பது தலை என்று சோனைமுத்து எடுத்துக்கொண்டார். மனுஷனுக்குத் தலை மேலேதான். மீனுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. அதுவரைக்கும் பெரிய ஆட்கள் கரையில் நின்று பழகின பார்வையில் மட்டம் சொல்லி வந்தார்கள். பித்தளை மினுக்கத் தொடங்கிய பிறகு கல்லை யார் பார்க்கிறார்கள்? அந்தப் பெரிய ஆட்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

"சரி, உங்கய்யா வச்சாரு. அதுக்கென்ன இப்ப?" என்றார் இருளப்பசாமி.

"வால்ல வச்சுட்டாரு."

"என்னது?"

"சித்திரையில வண்டல் மண்ணு எடுத்தாகல்ல, லாரி லாரியா லோடு போச்சுல்ல. அப்ப கல்லோட அடி வரைக்கும் தோண்டிட்டாக. விறகு பெறக்கப் போனவ, கால் வலிக்குதேன்னு அந்தக் கல்லுல சாஞ்சு உக்காந்தேன். கை தானாத் தடவுச்சு. கீழ நுனியில வாய் இருக்கு. வாய்க்கு மேல சுண்டுவிரல் போற மாதிரி குழி. குழியச் சுத்தி வளையம். எத்தனை மீன் அரிஞ்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? தலை கீழதான் இருக்கு. பித்தளைக்கும் அதுக்கும் ஒன்னரை முழம்."

இருளப்பசாமி கணக்குப் போட்டார். தண்ணீர் பித்தளைக்கு ஒரு சாண் கீழே. அப்படியானால் நிஜக் கண் இப்போது ஒரு முழம் தண்ணீருக்குள்ளே முங்கிக் கிடக்கிறது. அந்த ஒரு முழம், அவ்வளவு பெரிய கண்மாயில் ஒரு முழம்!

"ஏ புள்ள, ஏழு மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவளுக்கு ரெண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. எதிரே வருகிறவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். ஆபரேஷனுக்கு வரச் சொல்லி கண் கேம்ப்பில் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். பயத்தில் தள்ளிக்கொண்டே வந்தாள். நேர்ந்து கொடுத்ததை எடுத்தால் வாங்கினது திரும்பிப் போய்விடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அவள் வாங்கினது பார்வை. தவிர, ஐம்பது வருஷமாக ஊர் காய்ந்ததற்கு எங்கய்யாதான் காரணம் என்று தன் வாயால் எப்படிச் சொல்வாள்? மழை நிறையப் பெய்தால் பித்தளை வரைக்கும் தண்ணீர் ஏறும், யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்து, அந்தக் குழியில் கொஞ்சம் மண்ணை அப்பி மூடிவிட்டு வந்திருந்தாள். மழை ஒரு சாண் குறைவாகப் பெய்துவிட்டது.

விஷயம் ராத்திரியே ஊருக்குத் தெரிந்து, மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் கீழேந்தலில் இருந்து பதினைந்து பேர் கலுங்குக்குப் போனார்கள். ரெண்டு ஊருக்கும் தண்ணீர் பாய்ச்சிக் கொடுக்கிற மாரிசெல்வம் முன்னாடியே போய் சங்கரபாண்டியனுக்குத் தகவல் சொல்லியிருந்தான். மேலேந்தலில் கண்ணு நனைந்ததைச் சொல்கிற பெரியவர் அவர்தான். எழுபது வயது. நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், அவர் ஊருக்கு நல்லவர். நெல் அறுத்த ஈரத்தில் மேலேந்தலே கோடை உளுந்து விதைக்கும். மேலக் கண்மாயில் மிஞ்சுகிற தண்ணீர்தான் அந்த உளுந்து. அவருக்கு மட்டும் நாலு ஏக்கர்.

"என்னத்தா, ஊரையே கூட்டியாந்திருக்க? கெடா வெட்டா?" என்றார் சங்கரபாண்டியன்.

"கெடா வெட்டு இல்லண்ணே. கண்ணு நனைஞ்சிருச்சு. நீங்க சொல்லணும்."

அவர் கைத்தடியால் பித்தளையைக் காட்டினார். "இந்தா, ஒரு சாணு காஞ்சு கெடக்கு. உனக்குத்தான் கண்ணு மங்கல்னு சொன்னாக. உங்க ஊருக்கே மங்கிப்போச்சா?"

மேலேந்தல்காரர்கள் சிரித்தார்கள். கீழேந்தலிலும் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"அது கண்ணு இல்லண்ணே. வாலு. கண்ணு கீழ தண்ணிக்குள்ள இருக்கு."

"ராசா வச்ச கண்ண வாலுங்கிற?"

"ராசா வைக்கல. எங்கய்யா வச்சாரு. எனக்காக நேந்து வச்சாரு."

"யாரு, சோனைமுத்தா? சாயாவுக்குச் சீனி போடவே யோசிக்கிற மனுசன். அவரு பித்தளை வாங்கி மீனுக்கு வச்சாராக்கும்!"

"பின்னாடி அவரு பேரு வெட்டியிருக்கும். கடையில வெட்டித்தான் குடுத்தாக."

சிரிப்பு நின்றது. குடம், சட்டி, செம்பு எது வாங்கினாலும் பேர் வெட்டித்தான் வாங்குவோம். அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

சங்கரபாண்டியன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பித்தளையைக் குனிந்து பார்த்தார். "பேரு இருந்தா நான் கேக்குறேன். எடுத்துப் பாக்கணும். ஆனா நான் தொடமாட்டேன். எங்க ஊர்ல எவனும் தொடமாட்டான். யாருக்காக நேந்ததோ அவுகதான் எடுக்கணும்."

மேலேந்தல் கூட்டத்திலிருந்து காளீஸ்வரி என்கிற ஒருத்தி முன்னால் வந்தாள். முருகேஸ்வரியும் அவளும் களையெடுப்புக்கு ஒரே வண்டியில் போகிறவர்கள். "வெளையாடாதத்தா. நேந்து குடுத்தத எடுத்தா வாங்குனது போயிரும். இருக்கிற பார்வையும் போச்சுன்னா என்ன பண்ணுவ?" என்றாள். அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. மெய்யாகத்தான் பயந்து சொன்னாள்.

"வேணாம் புள்ள. வா போவம். நான் வாட்ச்மேன் வேலைக்கே போயிக்கிறேன்" என்றார் இருளப்பசாமி.

"நீங்க வாட்ச்மேனா? நம்ம ஆட்டையே களவாண்டுக்கிட்டுப் போறான், பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டவுக நீங்க. அந்த உளியக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருந்த பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். மாரிசெல்வம் கலுங்குக் கல்லில் கயிற்றைக் கட்டி ஒரு நுனியை அவள் கையில் கொடுத்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு வந்தது. பித்தளை அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அது அவளுக்கு மஞ்சளாக ஒரு கறை மாதிரித்தான் தெரிந்தது.

ஈயம் உதிர்ந்து போயிருந்தது. ரெண்டு நெம்பில் ஒரு பக்கம் கிளம்பியது. மூன்றாவதில் கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்க்காமல் முதலில் ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு மாரிசெல்வத்திடம் நீட்டினாள்.

அவன் பாசியைக் கட்டைவிரலால் தேய்த்து உரக்கப் படித்தான். "சோ.மு. கீழேந்தல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு."

பித்தளை இருந்த இடத்தில் கல் மட்டும் தேயாமல் புதிதாக இருந்தது. அதில் விசிறி மாதிரி கோடுகள் விரிந்து கிடந்தன. காளீஸ்வரிதான் முதலில் சொன்னாள். "ஆத்தாடி, இது கெண்டை வாலுல்ல!"

"வாலு மேலேயா?" என்றார் சங்கரபாண்டியன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஒரு ராசா தலைகீழாவா மீனச் செதுக்குவான்?"

"தண்ணிக்குள்ள போற மீனு தலைகீழாத்தாண்ணே போகும்."

"சரி. வாலு இதுன்னே இருக்கட்டும். கண்ணு எங்க? காட்டு."

"தண்ணிக்குள்ள இருக்கு. காட்ட முடியாது. எறங்கித் தொட்டுப் பாருங்க."

மாரிசெல்வம் தான் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டான். சங்கரபாண்டியன் கையை ஆட்டி மறுத்தார். "சொல்றவன் நான். நான் தொடாம எப்படிச் சொல்றது?" துண்டையும் சட்டையையும் கழற்றிக் காளீஸ்வரியிடம் கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குனிந்து, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டுத் தடவினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்கத்தா இருக்கு? கையப் புடிச்சுக் காட்டு."

"நான் காட்டுனா, நான் வச்ச இடமாயிரும். நீங்களே தடவுங்க."

அவர் தடவினார். பாசி வழுக்கியது. இன்னும் குனிந்தார். தாடை தண்ணீரில் பட்டது. பிறகு அவர் கை நின்றது.

கரையில் இருந்தவர்களுக்கு அவர் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய சுண்டுவிரல் எதற்குள் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இல்லை என்று சொன்னால் இல்லைதான். சொல்கிற உரிமை அவருடையது. ராஜா எழுதின சட்டத்தில் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. நாலு ஏக்கர் உளுந்து, ஊரோடு சேர்த்தால் அறுபது ஏக்கர், எல்லாம் அந்த விரல் நுனியில் இருந்தது.

"என்னண்ணே, மீனு கவ்விருச்சா?" என்றார் இருளப்பசாமி. யாரும் சிரிக்கவில்லை.

சங்கரபாண்டியன் கையை எடுக்காமலேயே கேட்டார். "ஏத்தா, உனக்கு இது எப்பத் தெரியும்?"

"சித்திரையில."

"அப்பவே சொல்லியிருந்தா காஞ்ச கண்மாய்ல நின்னு எல்லாரும் பாத்திருப்பமே."

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"எங்களுக்கா?"

"இல்லண்ணே. கண்ணு போயிரும்னு."

அவர் அவளைப் பார்த்தார். அவளுடைய மங்கின கண் ரெண்டும் அவர் குரல் வந்த திசையில், ஆனால் கொஞ்சம் தள்ளி, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. அவர் கையை வெளியே எடுத்தார். சுண்டுவிரலில் களிமண் ஒட்டியிருந்தது. மீனின் கண்ணை மூடி அவளே அப்பிவைத்த மண். நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"கண்ணு நனைஞ்சிருச்சு."

"எனக்கே கேக்கல மாமா" என்றான் மாரிசெல்வம்.

"கண்ணு நனைஞ்சிருச்சு" என்றார் மறுபடி. மூன்றாவது தரம் அக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

வேட்டுப் போட வேண்டும். தயாராக யாரும் கொண்டுவரவில்லை. கீழேந்தல்காரர்கள் ஏற்கெனவே வந்து நிற்கிறார்கள், வேட்டு எதற்கு என்று ஒருவர் கேட்டார். முறை முறைதான் என்றார் சங்கரபாண்டியன், தலையைத் துவட்டிக்கொண்டே. காளீஸ்வரி வீட்டுக்கு ஓடி, தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த ஆட்டம்பாம் ரெண்டை எடுத்துவந்தாள். ஒன்று நமுத்துப் போயிருந்தது. இன்னொன்று வெடித்தது. கொக்கெல்லாம் எழும்பியது.

கீழேந்தல்காரர்கள் இறங்கி, குத்துக்கற்களுக்கு நடுவே அடுக்கியிருந்த மண்மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மீனின் கண் வெளியே தெரிகிற வரைக்கும்தான் எடுக்கலாம். தண்ணீர் இறங்க ரெண்டு நாளாயிற்று. மூன்றாம் நாள் கண் காற்றில் வந்ததும் சங்கரபாண்டியனே நின்று மூட்டையைத் திருப்பி அடுக்கச் சொன்னார். ஒரு விரற்கடை கூட விடவில்லை.

கீழேந்தலில் ரெண்டு தண்ணீர் பாய்ந்தது. தையில் அறுத்தார்கள். அமோகம் என்று சொல்ல முடியாது. நெல் என்று சொல்லலாம். மேலேந்தலில் அந்தக் கோடைக்குப் பாதிதான் உளுந்து. சங்கரபாண்டியன் ரெண்டு ஏக்கர் விதைத்தார். ஊர்க்கூட்டத்தில் ஒருவன் எழுந்து, தண்ணிக்குள்ள கைய விட்டது நீங்க மட்டும்தானே, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன என்று கேட்டானாம். "நீ எறங்கித் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாராம் அவர். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ரெண்டு ஊரும் கையெழுத்துப் போட்டுத் திருச்சுழியில் மனுக் கொடுத்தார்கள். மாசியில் சர்வேயர் வந்தார். முக்காலியில் குழாய் வைத்து, மீனின் கண்ணிலிருந்து மட்டம் பார்த்து, மீட்டரில் எழுதிக்கொண்டு போனார். இப்போது பதிவேட்டில் கடல்மட்டத்துக்கு இத்தனை மீட்டர் மேலே என்று இருக்கிறது. ஆனால் அந்த எண் எங்கேயிருந்து வந்தது? ஒரு கல்தச்சன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உளியை எடுத்த இடத்திலிருந்து வந்தது.

அதற்கெல்லாம் முன்னாலேயே, மார்கழியில் முருகேஸ்வரி கேம்ப் பஸ்ஸில் போய் ஆபரேஷன் செய்துகொண்டாள். வலது கண் தெளிவாகிவிட்டது. இடது கண்ணில் நரம்பு முன்னாலேயே பழுதாம், அது மங்கலாகவே நின்றுவிட்டது. நேர்ந்ததை எடுத்தாள், அதுதான் ஒரு கண்ணைப் பிடுங்கிக்கொண்டது என்று மேலேந்தலில் சொல்கிறார்கள். உள்ளதைச் சொன்னாள், அதுதான் ஒரு கண் வந்தது என்று கீழேந்தலில் சொல்கிறார்கள். ரெண்டு கண்ணையும் ரெண்டு ஊரும் பங்கு போட்டுக்கொண்டன. அவளிடம் கேட்டால், டாக்டரம்மா நல்லா பாத்தாக என்பதோடு முடித்துக்கொள்வாள்.

பங்குனியில் கண்மாய் வற்றியதும் சங்கரபாண்டியன் ஆள் சொல்லி அனுப்பினார். பித்தளைக் கண்ணைக் கொண்டுவா, இந்தத் தடவை சரியான இடத்தில் வைத்துவிடலாம், நேர்ந்தது நேர்ந்ததாகவே இருக்கட்டும் என்று. அவள் கொண்டுபோனாள். கல்லின் அடியில் குந்தி, மீனின் கண்மேல் அதை வைத்துப் பார்த்தார்கள். குழி சுண்டுவிரல் அளவு, பித்தளை உள்ளங்கை அளவு. வைத்தால் வாயும் முகமும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. வெட்டிச் சிறிதாக்கலாம் என்றார் சங்கரபாண்டியன். வெட்டினால் பின்னால் இருக்கிற அய்யா பெயர் போய்விடும்.

"வேணாம்ணே. இதுக்குக் கண்ணு இருக்கு" என்று சொல்லி, முந்தியில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

அது இப்போது அவள் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. சோற்றுக்கு அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்பட்டால், ஒதுக்கிவிட்டு அள்ளுவாள்.